முதல் மலையுச்சி: புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

புதிதாக மலையேற வருபவர்களோடு நடக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தெம்பு இல்லாமல் பாதியில் நிற்பவர்கள் குறைவு. நேரம் போதாமல் இருட்டில் மாட்டுபவர்கள், குதிகாலில் கொப்புளம் வந்து நொண்டுபவர்கள், வியர்வையில் நனைந்து குளிரில் நடுங்குபவர்கள், இறங்கும்போது முட்டி பிடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். இதில் எல்லாமே கிளம்புவதற்கு முன்பே தடுத்திருக்கக் கூடியவை.

கயிறோ பனிக்கோடாரியோ இல்லாமல், நடந்தே உச்சியைத் தொட்டுத் திரும்பக்கூடிய மலைகளுக்கான வழிகாட்டி இது. வரிசையை மாற்றாதீர்கள். பலர் முதலில் ஷூ வாங்குகிறார்கள், அப்புறம் மலையைத் தேடுகிறார்கள், நேரக் கணக்கை நடுவழியில் மூச்சு வாங்கியபடி போடுகிறார்கள். கடைசியில் செய்வதை முதலுக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

1. உச்சியின் உயரம் வேறு, நீங்கள் ஏறும் உயரம் வேறு

2400 மீட்டர் உச்சி என்றதும் மிரள வேண்டியதில்லை. சாலை 2100 மீட்டர் வரை போகுமென்றால் உங்கள் கால் ஏறப்போவது 300 மீட்டர்தான். மாறாக, 1000 மீட்டர் குன்றுதானே என்று கடல்மட்டத்திலிருந்து கிளம்பினால் அந்த 1000 மீட்டரையும் கால்தான் ஏற வேண்டும். ஆகவே தேட வேண்டிய எண் மொத்த ஏற்றம். வழியில் இறங்கி மறுபடி ஏறும் இடங்களையும் சேர்த்த கணக்கு அது.

முதல் தடவைக்கு மொத்த ஏற்றம் 300 முதல் 500 மீட்டர், போக வர 8 முதல் 10 கிலோமீட்டர் போதும். ஏறிய வழியிலேயே இறங்கும் பாதையாகப் பாருங்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் சுற்றுப்பாதை அழகாக இருக்கும்தான். ஆனால் அதில் பின்பாதி முழுக்க உங்களுக்குத் தெரியாத தரை. வந்த வழி என்றால் எந்த இடத்தில் வழுக்கும், எந்தத் திருப்பத்தில் குழம்பும் என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். எந்த நிமிடமும் திரும்பிவிடவும் முடியும்.

தூரமும் ஏற்றமும் சரி, தரை எப்படி? பாதைகளுக்குத் தரம் பிரித்திருக்கிறார்கள். சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் அளவுகோல் டி1 முதல் டி6 வரை போகும். புதியவருக்கு டி1, டி2. அமெரிக்க முறையில் முதல் வகுப்பு சாதாரண நடை, மூன்றாம் வகுப்பில் கையை ஊன்றி ஏற வேண்டிவரும், ஐந்தாம் வகுப்பு கயிறு கட்டி ஏறும் பாறை. "எளிது" என்று யாரோ எழுதியதை மட்டும் நம்பாதீர்கள். எழுதியவர் இருபது வருடமாக ஏறுபவராக இருக்கலாம்.

அனுமதி வேண்டுமா, வழிகாட்டி கட்டாயமா, சில மாதங்களில் பாதையை மூடுவார்களா என்பதையும் இப்போதே விசாரியுங்கள். அடிவாரத்து வாசலில் போய்த் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை இது.

2. மாலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு விதி இன்றைக்கும் பயன்படுகிறது. இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டர் நடைக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஓய்வெடுக்கும் நேரம் இதில் இல்லை. இது பழகிய காலுக்கான கணக்கு. புதியவர்கள் கிடைக்கும் விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

ஒரு உதாரணம். போக 5, வர 5 கிலோமீட்டர். ஏற்றம் 450 மீட்டர். ஏறும் பக்கம்: தூரத்துக்கு 1 மணி, ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக 1 மணி 45 நிமிடம். ஒன்றரை மடங்கு என்றால் சுமார் 2 மணி 40 நிமிடம். ஓய்வோடு 3 மணி நேரம் என்று வையுங்கள். இறங்கும் பக்கம்: 1 மணி நேரத்தின் ஒன்றரை மடங்கு, ஓய்வும் சேர்த்து 2 மணி நேரம். மொத்தம் 5.

இப்போது பின்னோக்கி வாருங்கள். மாலை 6 மணிக்கு இருட்டும் என்றால் 4 மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். அந்த 2 மணி நேரம் சுளுக்கு, வழி தவறல் போன்ற எதிர்பாராதவற்றுக்கு. அப்படியானால் உச்சியை விட்டுக் கிளம்பக் கடைசி நேரம் 2 மணி. பிற்பகலில் இடி மின்னல் வரும் பருவமா? அப்போது 11.30-க்கே உச்சியிலிருந்து இறங்கத் தொடங்க வேண்டும். ஏற 3 மணி நேரம் போனால் 8.30, உச்சியில் இருக்கவும் தாமதத்துக்கும் ஒன்றரை மணி நேரம் விட்டால் 7, ஆகவே 7 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள்.

இதில் கிடைத்த 11.30 இருக்கிறதே, அதற்குத் திரும்பும் நேரம் என்று பெயர். அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும், உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும், திரும்ப வேண்டும். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் பையில் போடுங்கள். மேலே போனபின் முடிவெடுக்கிற மூளை களைத்துப்போன மூளை. அதனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

ஒரு திருத்தம்: நைஸ்மித் விதி இறக்கத்துக்கு எதுவும் கூட்டவில்லை. செங்குத்தான இறக்கம் என்றால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்டுவது பிற்பாடு வந்த வழக்கம்.

3. உடம்பைத் தயார் செய்வது: ஏற மட்டுமல்ல, இறங்கவும்

நாளுக்கு அரை மணி நேரமாவது நடப்பவருக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் போதும். வாரத்தில் இரண்டு நாள் படிக்கட்டு, ஒரு நாள் நீண்ட நடை. கடைசி மூன்று வாரம் மலைக்குக் கொண்டுபோகும் அதே பையை, அதே எடையோடு மாட்டிக்கொண்டு நடங்கள். தோள்பட்டையில் எது உரசும் என்பது மூன்றாவது மணி நேரத்தில்தான் தெரியும்.

எல்லோரும் செய்யும் தவறு, படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குவது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசைக்கு அந்த வேலைதான் அதிக வலி தரும். அதுவும் மறுநாள், அதற்கு மறுநாள்தான் தெரியும். ஆகவே படியில் நடந்தே இறங்குங்கள், மெதுவாக. முட்டியும் கணுக்காலும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

இதயக் கோளாறு, ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே பயிற்சி தொடங்க வேண்டும்.

4. காலணி

பணம் செலவழிக்க வேண்டிய முதல் பொருள் இதுதான். மற்றதெல்லாம் இரவல் வாங்கலாம், ஷூவை மட்டும் இரவல் வாங்கக் கூடாது.

மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். விரல் நுனிக்கும் ஷூவுக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகல இடம் வேண்டும். கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். கணுக்காலை மூடும் பூட்ஸா, தாழ்ந்த ஷூவா என்று வாதம் ஓயாமல் நடக்கும். நல்ல பாதையும் குறைந்த சுமையும் என்றால் தாழ்ந்த ஷூவே போதும்.

புது ஷூவோடு மலைக்கு வராதீர்கள். குறைந்தது 30 கிலோமீட்டராவது அதில் நடந்திருக்க வேண்டும். பழைய ஷூவும் ஆபத்துதான், வேறு காரணத்துக்காக. பல ஷூக்களின் நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதையும். போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சிதையும். எங்களோடு வந்த ஒருவர், பல வருடங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்த ஷூவைப் "புதுசு மாதிரியே இருக்கு" என்று போட்டு வந்தார். இரண்டாவது மணி நேரத்தில் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. கயிறால் சுற்றிக் கட்டி, துணிமூட்டை மாதிரி ஒரு காலோடு இறங்கினார்.

சாக்ஸ் கம்பளியோ செயற்கை இழையோ, பருத்தி வேண்டாம். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் இறக்கத்தில் ஷூவில் இடித்துக் கறுத்துப்போகும்.

5. உடை: நனையாமல் இருப்பதற்கு

உயரே போகப்போக, சராசரியாக ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அதற்கு மேல் காற்று. அதற்கும் மேல் உங்கள் வியர்வை. மூன்றும் சேர்ந்தால் 10 டிகிரியிலேயே பல் தந்தியடிக்கும்.

பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது, ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதைவிட மோசம். நனைந்தால் கனக்கவும் செய்யும். உடம்போடு ஒட்டி ஒரு செயற்கை இழை அல்லது மெல்லிய கம்பளிச் சட்டை, அதன் மேல் சூட்டுக்கு ஃப்ளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கை இழை மேலாடை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஒரே கனத்த ஸ்வெட்டரைவிட இந்த மூன்று அடுக்கு நல்லது, ஏனென்றால் கழற்றலாம்.

கழற்றுவதில்தான் புதியவர்கள் சோம்பல்படுகிறார்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அடிவாரத்திலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும், உச்சியில் அந்த வியர்வை உறையும்.

தொப்பி, வெயில் கண்ணாடி, சன்ஸ்கிரீன் எல்லாம் குளிர்ந்த நாளிலும் வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். பனி மூடிய தரை அதைத் திருப்பியும் அடிக்கும்.

6. பைக்குள் என்ன, எந்த வரிசையில்

ஒருநாள் ஏற்றத்துக்கு 20 முதல் 30 லிட்டர் பை. இடுப்புப் பட்டை இருக்கட்டும். எடையை இடுப்பு தாங்க வேண்டும், தோள் அல்ல. நிரப்பியபின் 5 முதல் 7 கிலோவுக்குள் நிற்க வேண்டும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று தொடங்குங்கள். வெயில் என்றால் இன்னும் கூடும். வழியில் ஓடை இருக்கிறது என்று யாராவது சொன்னால், அது இந்த மாதத்தில் ஓடுகிறதா என்று கேளுங்கள். சாப்பாடு, சமைக்காமல் நின்றபடியே தின்னக்கூடியதாக இருக்கட்டும்: கொட்டை வகை, உலர்ந்த பழம், இனிப்பு கொஞ்சம், உப்புள்ளது கொஞ்சம். ஒரு வேளைக்கானது அதிகமாகவே இருக்கட்டும்.

ஹெட்லாம்ப், அதாவது தலையில் மாட்டும் விளக்கு, கட்டாயம். "பகலிலேயே வந்துவிடுவோமே, எதற்கு?" என்று கேட்காத புதியவரை நான் பார்த்ததில்லை. பகலிலேயே வந்துவிடுவோம் என்று நினைத்தவர்களுக்குத்தான் அது தேவைப்படுகிறது. போன் டார்ச் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும், வரைபடத்துக்கும் அவசர அழைப்புக்கும் வேண்டிய பேட்டரியையும் தின்னும்.

அப்புறம் விசில், முதலுதவிப் பொட்டலம், கொப்புளத்துக்கான ஒட்டு, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, வெப்பத்தைக் காக்கும் மெல்லிய அவசரப் போர்வை, பவர் பேங்க், குப்பைக்கு ஒரு பை. மாற்றுச் சாக்ஸையும் ஃப்ளீஸையும் பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். பைக்கு மழைக்கவசம் போட்டாலும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும்.

கனமானது முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் பை உங்களைப் பின்னால் இழுக்கும். மழை ஜாக்கெட் எப்போதும் மேலே. அடியில் வைத்தால் மழையில் நின்று எல்லாவற்றையும் வெளியே கொட்டித்தான் எடுக்க வேண்டும்.

7. வானிலை: ஊருக்கானது அல்ல, உச்சிக்கானது

அடிவாரத்து ஊரின் வானிலை அறிக்கை உச்சிக்குப் பொருந்தாது. குறிப்பிட்ட உயரத்துக்கான முன்னறிவிப்பைத் தேடுங்கள். மழையைவிட முதலில் காற்றின் வேகத்தைப் பாருங்கள்: மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் முகட்டில் நடப்பது கடினமாகிவிடும், 60-ஐத் தாண்டினால் புதியவர்கள் போகவே வேண்டாம். முந்தைய நாள் மாலையும் கிளம்பும் காலையும் இரண்டு முறை பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமிருந்தால் நிலைமை நிலையாக இல்லை என்று அர்த்தம்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதுவே ஆபத்தான தூரம். உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்குங்கள். தனி மரத்தின் அடியில் ஒதுங்காதீர்கள், பாறைக் குடைவின் வாயிலில் உட்காராதீர்கள். மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும். குழுவாக இருந்தால் விலகி நில்லுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருந்தே நகர வேண்டும்.

8. வரைபடத்தை வீட்டிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள்

வரைபடத்தில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகள் சம உயரக் கோடுகள். ஒரே கோட்டில் நடந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதளம். இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் என்பதை ஓரத்தில் பாருங்கள். 10-ஆ 20-ஆ என்று தெரியாமல் சரிவைக் கணிக்க முடியாது.

பாதையின் மீது விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். எங்கே ஓடையைக் கடக்கிறீர்கள், எங்கே பாதை பிரிகிறது, எங்கே மூச்சு வாங்கும்? நாலைந்து அடையாளங்களை அவற்றை அடைய வேண்டிய நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். "ஓடை 7.50, பிரிவு 8.40" என்பதுபோல. பிரிவு 9.10 ஆகியும் வரவில்லையென்றால் ஏதோ சரியில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். மேலே சிக்னல் இருக்காது, ஆனால் ஜிபிஎஸ் அதில்லாமலே இயங்கும். போனை விமானப் பயன்முறையில் வைத்து உட்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று சரியும். காகித வரைபடமும் திசைகாட்டியும் கூட இருக்கட்டும், பயன்படுத்தத் தெரிந்தால்.

பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது நீங்கள் காணப்போவது அந்தக் காட்சியைத்தான். ஏறும்போது ஒரே பாதையாகத் தெரிந்தது இறங்கும்போது இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

9. ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்

எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் யாரை அழைக்க வேண்டும். இந்த ஐந்தையும் செய்தியாக எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இறங்கியதும் "வந்துட்டேன்" என்று சொல்லுங்கள்; மறந்தால் உங்களைத் தேடி ஆட்கள் இருட்டில் ஏறுவார்கள்.

முதல் தடவை தனியாக வேண்டாம். உங்களில் ஒருவராவது பழகியவராக இருக்க வேண்டும்.

10. ஏற்றம்: முதல் அரை மணி நேரத்தை அடக்கி வையுங்கள்

குழுவின் வேகம் மிக மெதுவாக நடப்பவரின் வேகம்தான். அவரை முன்னாலோ இரண்டாவதாகவோ நடக்க விடுங்கள். கடைசியில் விட்டால், மற்றவர்கள் நின்று ஓய்வெடுத்து அவர் வந்து சேர்ந்ததும் கிளம்புவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் நடங்கள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இரைத்தால் வேகம் அதிகம். "ஓடிப்போய் உட்காரலாம்" என்று பாய்ந்து ஏறி, உட்கார்ந்து, மறுபடி பாய்பவர்களைப் பின்னால் ஆடி அசைந்து வருபவர் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடுவார்.

அடியைச் சின்னதாக வையுங்கள். முழுப் பாதத்தையும் ஊன்றுங்கள்; விரல் நுனியில் ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். செங்குத்தான இடத்தில் நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுங்கள். மிகவும் சரிவாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் பின்காலை நேராக நீட்டி ஒரு நொடி நில்லுங்கள். அந்த நொடியில் எடையை எலும்பு தாங்கும், தசை இளைப்பாறும்.

பசிக்கும் முன் சாப்பிடுங்கள், தாகம் எடுக்கும் முன் குடியுங்கள், மடமடவென்று அல்ல, மிடறு மிடறாக. ஒவ்வொரு 40, 45 நிமிடத்துக்கும் ஐந்து நிமிடம் நின்றால் போதும். நிற்கும்போதே ஒரு அடுக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குதிகாலில் லேசாகச் சூடு தெரிகிறதா? உடனே நில்லுங்கள், அடுத்த ஓய்வில் பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். ஷூவைக் கழற்றி ஒட்டுப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை இது. தள்ளிப்போட்டால் அரை மணி நேரத்தில் தோல் உரியும், அப்புறம் நாள் முழுக்க நொண்டல்தான்.

கல் உருண்டால் "கல்!" என்று உரக்கக் கத்துங்கள். சரளை மிகுந்த சரிவில் ஒருவர் தலைக்கு நேர் கீழே இன்னொருவர் நடக்கக் கூடாது.

11. உச்சி

உச்சி என்று நினைத்து ஏறிய மேடு, ஏறி முடித்ததும் பின்னால் இன்னொரு மேட்டைக் காட்டும். கீழிருந்து பார்க்கும்போது அருகிலிருக்கும் தோள் தொலைவில் இருக்கும் தலையை மறைக்கும் என்பதால் இப்படி நிகழும். வரைபடத்தில் மீதி ஏற்றத்தைப் பார்த்து வைத்திருந்தால் மனம் உடையாது.

தாளில் எழுதிய நேரம் வந்துவிட்டால் திரும்புங்கள். "இன்னும் பத்து நிமிஷம்தான் அண்ணே" என்பதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. அது ஒருபோதும் பத்து நிமிடமாக இருந்ததில்லை. 1865-இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலாகத் தொட்ட ஏழு பேரில் நால்வர் இறங்கும்போதுதான் இறந்தார்கள். உச்சி பாதி வழி மட்டுமே.

உச்சியை அடைந்ததும் முதல் வேலை ஜாக்கெட், புகைப்படம் அப்புறம். சாப்பிடுங்கள், குடியுங்கள், லேஸை இறுக்கிக் கட்டுங்கள். கிளம்பும் முன் எந்தத் திசையில் இறங்குகிறோம் என்று வரைபடத்தைப் பாருங்கள். மூடுபனியில் உச்சியிலிருந்து தவறான முகட்டில் இறங்கிவிடுவது சுலபம். மெல்லிய வித்தியாசமாகத் தொடங்கும் அது, அரை மணி நேரத்தில் வேறொரு பள்ளத்தாக்காகிவிடும்.

12. இறக்கம்

தடுக்கி விழுவதும் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். களைப்பு, கவனக்குறைவு, "முடிந்துவிட்டது" என்ற நிம்மதி மூன்றும் சேரும் நேரம்.

முட்டியைச் சற்று மடக்கியே வைத்திருங்கள். நீட்டிய காலில் ஊன்றினால் அதிர்வு நேராக மூட்டில் போய் அடிக்கும். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். பயத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் சாய்ந்தால் குதிகாலில் மட்டும் எடை விழும், பிடிப்புப் போய்விடும், உட்கார்ந்துவிடுவீர்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக இருக்குமாறு சிறிது முன்னால் வாருங்கள். சிறிய அடி, ஒவ்வொன்றும் பார்த்து வைத்த அடி. காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள்.

ட்ரெக்கிங் கம்பு இருந்தால் ஏறும்போது வைத்த நீளத்தைவிடக் கொஞ்சம் நீட்டி, முன்னால் ஊன்றிய பிறகு காலை வையுங்கள். கையும் கொஞ்சம் எடையைத் தாங்கும்.

குறுக்குவழியில் இறங்காதீர்கள். வளைந்து போகும் பாதை சரிவைக் குறைக்கத்தான் வளைகிறது. குறுக்கே வெட்டினால் மண் அரிக்கும். உங்கள் முட்டியும் அரைபடும்.

13. 2500 மீட்டருக்கு மேல் போனால்

உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 5500 மீட்டரில் கடல்மட்டத்தில் இருப்பதன் பாதிதான். 2500 மீட்டருக்கு மேல் வேகமாகப் போனால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வரலாம். இது உடல்வலிமையைப் பார்த்து வராது. நல்ல ஓட்டக்காரர் படுத்துவிடுவார், கூட வந்த வயதானவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். 5895 மீட்டர் கிளிமாஞ்சாரோவின் வழக்கமான பாதைகளுக்குக் கயிறு தேவையில்லை, ஆனாலும் பலரை உச்சிக்குப் போகவிடாமல் தடுப்பது உயரம்தான்.

3000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்காதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்குங்கள். பகலில் மேலே போய் வரலாம், தூங்கும் உயரம்தான் கணக்கு. தலைவலி இருந்தால் மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், உடனே இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, தனியாக அனுப்பவும் கூடாது. மருந்து மருத்துவரைக் கேட்டுத்தான், அதுவும் கிளம்புவதற்கு முன்பே.

14. ஏதாவது தவறிவிட்டால்

வழி தவறியது தெரிந்ததும் நில்லுங்கள். "கீழேதானே போக வேண்டும்" என்று ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள். ஓடை அருவியாக விழும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எதுவோ அதற்குத் திரும்புங்கள்.

ஒருவர் தடுமாறுகிறார், முணுமுணுக்கிறார், கையில் இருப்பதைக் கீழே போடுகிறார் என்றால் உடல்வெப்பம் குறைந்துகொண்டிருக்கிறது. நடுக்கம் தானாக நின்றுபோவது தேறியதற்கான அடையாளமல்ல, நிலைமை முற்றிவிட்டது. காற்றிலிருந்து மறையுங்கள், ஈர உடையை மாற்றுங்கள், தரையிலிருந்து பிரிக்க அடியில் பையைப் போடுங்கள், போர்வையால் சுற்றுங்கள். நினைவோடு இருந்தால் இனிப்பு கொடுங்கள். மது கொடுக்காதீர்கள்.

உதவிக்கு ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அல்லது வெளிச்சம், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. இது சர்வதேச மலை அபாய அடையாளம். பதில் ஒரு நிமிடத்துக்கு மூன்றாக வரும். பதில் வந்தாலும் நிறுத்தாதீர்கள், தேடுபவர்கள் உங்கள் இடத்தைக் கண்டுபிடிக்க அதுவே வழி. ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் உயர்த்துவது "ஆம், உதவி வேண்டும்". ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் "வேண்டாம்". உற்சாகத்தில் ஒரு கையை ஆட்டி அனுப்பிவிடாதீர்கள். அந்த நாட்டின் மீட்பு எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் சேமியுங்கள். அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும்.

15. திரும்பி வந்த பிறகு

ஷூவின் உள்தகட்டை எடுத்துவிட்டு நிழலில் காயவையுங்கள். நெருப்புக்கு அருகில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஹெட்லாம்ப் பேட்டரியைச் சரிபாருங்கள்.

அன்று மாலையே, மறக்கும் முன், ஒரு நோட்டில் எழுதுங்கள்: கணக்கிட்ட நேரம், உண்மையில் ஆன நேரம், மீந்த தண்ணீர், போடாத உடை, இல்லாமல் தவித்த பொருள். ஆன நேரத்தை நைஸ்மித் கணக்கால் வகுத்தால் உங்களுக்கான எண் கிடைக்கும். எல்லோருக்கும் ஒன்றரை என்று மேலே சொன்னேன், உங்களுடையது 1.3 ஆக இருக்கலாம், 1.8 ஆகவும் இருக்கலாம். மூன்று மலைகளுக்குப் பிறகு அந்த எண் உறுதியாகிவிடும், அதன்பின் அதை வைத்தே திட்டமிடுங்கள்.

அடுத்த மலைக்கு ஏற்றம், தூரம், தரை மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். 700 மீட்டர் ஏறிப்பார்க்க ஆசையா, தூரமும் பாதையும் முன்போலவே இருக்கட்டும். கையூன்றி ஏறும் பாறை வேண்டுமா, 400 மீட்டரோடு நில்லுங்கள். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எது உங்களைத் தடுத்தது என்பதே தெரியாது.